முன்னால போறது யாருலே?

ஏலே சின்னவனே, ஏட்டி பெரியவளே, ரெண்டு பேரும் இங்கன திண்ணையில வந்து உக்காருங்க. அந்தப் போனைக் கவுத்து வைங்க. அக்காளும் தம்பியுமா ஐஸ்லாந்துக்குப் போறீயளாம். சைக்கிள்ல நாட்டைச் சுத்தப் போறீயளாம். ராத்திரியானா டென்ட் அடிச்சுப் படுப்பீயளாம். பலசரக்குக் கடைக்காரன் வரைக்கும் தெரிஞ்ச பொறவுதான் தாத்தனுக்குச் சேதி வருது. இருக்கட்டும். நீங்க புத்தி கேக்க வரலைன்னு எனக்குத் தெரியும். கேட்டாத்தான் சொல்லணும்னா இந்த ஊர்ல ஒரு கிழவனும் வாயைத் திறக்க முடியாது.

சின்னவன் சிரிக்கான். "தாத்தா, நீங்க திருவனந்தபுரத்தைத் தாண்டினதில்லையே"ங்கான். வாஸ்தவம்தான். ஆனா போயிட்டு வந்தவன்கிட்ட கேட்டா போட்டோவைக் காட்டுவான். போகாதவன்தாம்லே உக்காந்து படிச்சு வச்சிருப்பான். பெரியவ மேசையில பரப்பிப் போட்டிருக்காளே மேப்பும் காயிதமும், அத்தனையும் கண்ணாடியைப் போட்டு வாசிச்சாச்சு. அது போக, வாடகை சைக்கிள் கடை வச்சுப் பிழைச்சவன் நான். நாட்டைப் பத்தி நான் சொல்றதை நம்பாட்டாலும் வண்டியைப் பத்திச் சொல்றதை நம்பு.

மொதல்ல போற எடத்தைத் தெரிஞ்சுக்கிடுங்க. 1,03,000 சதுர கிலோமீட்டர் நாடு, தமிழ்நாட்டுல முக்காவாசிக்குக் கொஞ்சம் கூட. சனம் நாலு லட்சம்கூடத் தேறாது. திருநெல்வேலி மாநகராட்சிக்குள்ளயே அதைவிடக் கூட ஆள் இருக்கு. அந்தச் சனத்துலயும் பாதிக்கு மேல ரெய்க்யவிக்குலயும் அதை ஒட்டியும் குடியிருக்காவ. நடுநாட்டுல குடியே கிடையாது. எரிமலையும் பனிப்பாறையும் கருமணலும்தான். ஓரத்தைச் சுத்தி ஒரு ரோடு, ஒண்ணாம் நம்பர், 1,300 கிலோமீட்டருக்கு மேல. அதைத்தான் நீங்க மிதிக்கப் போறீய. கோடையில குட்டியோட சேத்து எண்ணினா ஆளை விட ஆடு அதிகம். தாய் இந்தப் பக்கம் மேயும், குட்டி அந்தப் பக்கம் மேயும். உங்களைக் கண்டதும் குட்டி தாயைத் தேடிக் குறுக்க பாயும். மணி அடிச்சுப் பிரயோசனமில்ல. அங்கத்த ஆட்டுக்கு சைக்கிள் மணி பழக்கமில்ல.

அந்த ரோடு வட்டம் முழுசானது 1974-லதான். அதுவரைக்கும் தெக்குப் பக்கத்துல ஸ்கெய்தரா ஆத்து மணல்வெளியில வந்து முட்டி நின்னுட்டு இருந்துச்சு. காரணம் மேல இருக்கிற வாட்னயோகுல் பனிப்பாறை. அதுக்கடியில எரிமலை. எரிமலை கக்கினா அடிப்பனி உருகித் தேங்கும். தேங்கினது ஒருநாள் ஒண்ணாப் பிச்சுக்கிட்டு வரும். 1974-ல ஒரு வழியா நீளப் பாலம் கட்டி வட்டத்தை மூடினாவ. 1996 நவம்பர்ல அந்த வெள்ளம் வந்துச்சு. வீடு உசரத்துக்குப் பனிக்கட்டியை உருட்டிக்கிட்டு வந்து பாலத்துல ஒரு பங்கைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டு. முறுக்கின இரும்பு உத்தரத்தை அள்ளிக் காயலான் கடையில போடாம, ரோட்டோரத்துலயே நினைவுச் சின்னமா வச்சிருக்காவ. பாலத்தைத் திரும்பக் கட்டினாவ. கட்டி முடிச்சு கொஞ்ச வருசத்துல, 2009-ல, ஆறு "எனக்கு இந்த வழி வேண்டாம்"னு மேக்க வேற ஆத்தோட போய்ச் சேந்துக்கிட்டு. நாட்டுலயே நீளமான பாலம், அடியில ஆறில்லாம நின்னுச்சு. 2017-ல பக்கத்துல சின்னதா ஒரு பாலம் போட்டு ரோட்டைத் திருப்பி விட்டுட்டாவ. ஆறு வத்தின எடத்துல பாலம் கட்டுறதுல நமக்கும் அனுபவம் உண்டு. ஆனா நம்ம ஊர்ல ஆறு போன பொறவுதான் டெண்டரே விடுவாவ.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, ஆறே சொன்ன பேச்சுக் கேக்காத நாடு அது. அப்புறம் காத்து கேக்குமா?

பெரியவ கணக்குப் போட்டு வச்சிருக்கா: நாளைக்கு எம்பது கிலோமீட்டர், மணிக்குப் பதினஞ்சு, இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணிக்கு டென்ட். ஏட்டி, நல்ல கையெழுத்து. அதைக் கிழிச்சுப் போட வேண்டாம், அடுப்புப் பத்த வைக்க ஆகும். நம்ம ஆரல்வாய்மொழிக் காத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனி பிறந்தா வரும், மேக்க இருந்து வரும், ஐப்பசியில போயிரும். எதிர்க்காத்துன்னா போகையில எதிர்க்காத்து, வரையில முதுகுக் காத்து. அந்த ஊர்க் காத்து அப்படி இல்ல. காலையில மூஞ்சியில அடிச்சது மத்தியானம் விலாவுல அடிக்கும், ஒரு மலைமுக்குத் திரும்பினா முதுகுல தள்ளும், அடுத்த முக்குல திரும்பவும் மூஞ்சிக்கே வரும். கடிகாரச் சுத்துல போனா நல்லதா, எதிர்ச்சுத்துல போனா நல்லதான்னு சின்னவன் விடிய விடியப் படிக்கான். எந்தச் சுத்துல போனாலும் கிடைக்கிறது கிடைக்கும், படுத்துத் தூங்குலே.

ஒண்ணு கவனிங்க. அங்கத்த வானிலை ஆபீஸ்காரன் காத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு சொல்ல மாட்டான், நொடிக்கு இத்தனை மீட்டர்னு சொல்லுவான். 20-ன்னு போட்டிருந்தா என்னமோ தென்றல்னு நெனைச்சு வண்டியை எடுத்துராதீய. 3.6-ஆல பெருக்குங்க: மணிக்கு 72 கிலோமீட்டர். அந்தக் காத்துல கார்க் கதவைத் தொறந்தா கதவு மடங்கிக்கிட்டுப் போயிரும். வாடகைக் கார்க்காரன் மணலுக்கும் சாம்பலுக்கும் தனியா இன்சூரன்ஸ் விக்கிற நாடு அது. சைக்கிள்காரன் மூஞ்சிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அதனால பத்துக்கு மேல போட்டிருந்தா யோசி. பதினஞ்சுன்னா டென்டுக்குள்ளயே இருந்து உங்க அம்மை கட்டித் தந்த முறுக்கைத் தின்னு. போகலைன்னா எந்தப் பஞ்சாயத்தும் அபராதம் போடாது.

பக்கக்காத்துல இன்னொரு சூது இருக்கு. அங்க வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம் போகும். உன்னை முந்திக்கிட்டுப் போற பஸ்சும் லாரியும் இடப்பக்கமாத்தான் முந்தும். காத்து இடப்பக்கத்துல இருந்து அடிக்குதுன்னு வையி, நீ விழாம இருக்க இடப்பக்கம் சாஞ்சு மிதிப்பே. பஸ் பக்கத்துல வந்ததும் காத்து சட்டுன்னு நின்னுரும். சாஞ்ச நீ எங்க போவே? பஸ்சுப் பக்கம்தான் போவே. அது கடந்து போனதும் நின்ன காத்து மொத்தமா வந்து உன்னை ரோட்டை விட்டுத் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவன்தான் மொதல்ல விழுவான். முழங்கையைத் தளத்தி, சத்தம் கேட்டதுமே சாய்ப்பைக் கொறைச்சுக்கிட்டுத் தயாரா இரு. பின்னால பாக்க ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டா தப்பில்ல. ஸ்டைல் போயிரும்னு சின்னவன் மொணங்குதான். ஆடு பாத்து ஒண்ணும் சொல்லாது.

இனிமேதான் முக்கியமான விசயம். எதிர்க்காத்துல ரெண்டு பேர் போனா, முன்னால போறவன் காத்தை வாங்குவான். பின்னால ஒட்டிப் போறவனுக்குப் பாதிச் சுமை கொறஞ்சாப்புல இருக்கும். அப்போ முன்னால போறது யாருலே?

இப்ப ரெண்டு பேரும் "நான் போறேன், நான் போறேன்"ங்கீய. பாசம் வழியுது. விமானத்துல இருந்து எறங்கி மூணாம் நாள் பாப்போம். அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் இருக்கும்: இம்புட்டு நேரமும் நான்தான் காத்து வாங்கினேன், அவ சொகமாப் பின்னால வந்தா. அவளும் அதேதான் நெனைப்பா. தம்பி உடையாள் படைக்கு அஞ்சமாட்டாள்தான், ஆனா தம்பி முதுகுக்குப் பின்னாலயே இருந்துக்கிட்டா தம்பி சும்மா இருப்பானா? கிலோமீட்டர்க் கணக்குல முறை வச்சுக்கிடுங்க. நேரக் கணக்கு வேண்டாம். நேரக் கணக்குன்னா முன்னால போறவன் மெல்ல மிதிச்சு நேரத்தை ஓட்டிருவான். உங்க ரெண்டு பேரையும் பொறந்ததுல இருந்து பாக்கேன்லா, அதனால சொல்லுதேன். பின்னால வர்ற ஆள் முன் டயரை, முன்னால உள்ள வண்டியோட பின் டயருக்குப் பக்கவாட்டுல கொண்டுபோய்ச் சேக்காதீய. ரெண்டு டயரும் உரசினா முன்னால உள்ளவனுக்கு ஒண்ணும் ஆகாது. பின்னால உள்ளவன்தான் மல்லாக்க விழுவான். விழுந்த பொறவு "நீ வேணும்னே பிரேக் பிடிச்சே"ன்னு ஒரு வழக்கு வரும். அந்த வழக்குக்குச் சாட்சி சொல்ல அங்க ஆடுதான் இருக்கு.

சைக்கிளு, டென்டு, காத்து, கூடப்பிறந்தவன் — இந்த நாலோடயும் ஒண்ணா மல்லுக்கட்டின ரெண்டு பேர் இருந்தாவ. அமெரிக்காவுல டேட்டன்னு ஊரு. அண்ணன் வில்பர் 1867-ல பொறந்தவர், தம்பி ஆர்வில் 1871. சைக்கிள் கடைக்காரவுக. நம்ம சாதி. ஆகாய விமானத்துக்காரங்கன்னுதான் பள்ளிக்கூடத்துல உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாவ. சைக்கிள் வித்த காசுலதான் விமானம் பறந்துச்சுன்னு எந்த வாத்தியார் சொன்னார்? 1900-ல காத்துக்காகவே கிட்டி ஹாக்னு ஒரு கடலோர மணல்மேட்டைத் தேடிப் போய் டென்ட் அடிச்சாவ. ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு எழுந்து, டென்ட் பறந்துராம ரெண்டு பேருமாப் பிடிச்சுக்கிட்டு நின்னதைத் தம்பிக்காரர் ஊர்ல இருந்த தங்கச்சிக்குக் கடுதாசியில எழுதியிருக்கார். பகல்ல வாக்குவாதம். குரல் ஏறும், ஒருத்தரை ஒருத்தர் விட மாட்டாவ. முடிவுல பாத்தா, அண்ணன் தம்பி கட்சிக்கு வந்திருப்பார், தம்பி அண்ணன் கட்சிக்குப் போயிருப்பார், திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கும். ஆனா யாரு முதல்ல பறக்கிறதுங்கிறதுல மட்டும் சண்டை இல்ல. 1903 டிசம்பர் 14-ல காசு சுண்டினாவ. அண்ணன் ஜெயிச்சார், ஏறினார், வண்டி எழும்பின வேகத்துலயே மணல்ல குத்திக்கிட்டு. ரிப்பேர் பாத்து 17-ந் தேதி தம்பி முறை. தம்பி பறந்தார், அண்ணன் பக்கத்துல ஓடினார். ஏட்டி பெரியவளே, மூத்தவங்கிறதுக்காக முதல் முறை உனக்குத்தான்னு அடம்பிடிக்காத. முதல் முறையில என்ன கிடைச்சுதுன்னு பாத்தியா?

இவுக 1900 வாக்குல தங்கள் கடைச் சைக்கிளுக்கு "கழன்று விழாத பெடல்"னு விளம்பரம் போட்டவுக. சூட்சுமம் என்னன்னா வலது பெடலுக்கு நேர் மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. இப்ப எல்லா வண்டியிலயும் அப்படித்தான். விமானத்துல ஏத்த வண்டியை அட்டைப் பெட்டியில கட்டும்போது ரெண்டு பெடலையும் கழட்டணும்லா? அப்பதான் இந்த விசயம் தெரியாதவன் மாட்டுவான். வலது பெடலை வழக்கம்போல இடஞ்சுழியாச் சுத்திக் கழட்டிருவான். இடது பெடலையும் அதே பக்கம் சுத்துவான். வராது. துரு பிடிச்சிருக்குன்னு எண்ணெய் விடுவான். ஸ்பேனர் மேல ஏறி நிப்பான். ஏற ஏற அது இறுகும். கடைசியில மரை போயிரும். இடது பெடலை வலஞ்சுழியாச் சுத்தினாத்தான் வரும். ஹேண்டில்பாரைத் திருப்பி மடக்குங்க, சீட்டை இறக்குங்க, டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. கழட்டின சாமானை எல்லாம் ஒரே பையில போட்டு வண்டியோடயே கட்டுங்க. கெப்ளாவிக் விமான நிலையத்துல எறங்கிப் பெட்டியைப் பிரிச்சு, "பெடல் உங்கிட்டதானே குடுத்தேன்"னு தொடங்காதீய. அந்தப் பேச்சுக்கு ஆயுசு பூரா முடிவு கிடையாது.

சுமை ஏத்துறதைச் சொல்லுதேன். எல்லாத்தையும் பின் கேரியர்ல அடுக்காதீய. பின் சக்கரத்துல ப்ரீவீல் இருக்கிற பக்கத்துப் போக்ஸ் கம்பிதான் பெரும்பாலும் முதல்ல ஒடியும். அந்தப் பக்கம் போக்ஸ் நெட்டுக்குத்தா நிக்கும், இழுவிசையும் அங்கதான் கூட. ஒடிஞ்சா கோட்டம் விழும், பிரேக்குல உரசும், ப்ரீவீலைக் கழட்டாம புதுப் போக்ஸ் கோர்க்க முடியாது. அதுக்குள்ள ஸ்பேனரும் நாலஞ்சு போக்ஸும் கையில வேணும். போக்ஸை ப்ரேம் குழாயோட சேத்து டேப் சுத்திக் கட்டிருங்க, பையில போட்டா வளைஞ்சிரும். அங்க ஊருக்கு ஊரு பஞ்சர்க்கடை கிடையாது. கிர்க்யுபையர்க்ளௌஸ்தூர்னு ஒரு ஊரு இருக்கு. பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஊரு தாண்டிரும். உள்ளூர்க்காரனே சுருக்கி க்ளௌஸ்தூர்ங்கான். அங்க இருந்து ஹோப்ன் வரைக்கும் இருநூறு கிலோமீட்டர், நடுவுல சொல்லிக்கிடும்படி பெரிய கடை இல்ல. வடகிழக்குல மீவட்ன் ஏரியில இருந்து எகில்ஸ்டாதிர் வரைக்கும் இன்னும் மோசம், மேட்டுநிலம், பாலைவனம். மிட்டாய் கூட முன்னாலேயே வாங்கி வச்சுக்கிடணும். மஞ்சப் போர்டுல பன்னி படம் போட்ட கடையைக் கண்டா விடாதீய. அங்கதான் விலை கொஞ்சம் மட்டா இருக்கும். ஸ்கிர்னு கெட்டித் தயிர் கிடைக்கும். தயிர் கிடைக்காத நாட்டுக்குப் போகாதேன்னு எங்க ஆச்சி சொல்லுவா, அந்தக் கவலை இல்ல. குடிதண்ணி பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீய. குழாயில வர்ற பச்சைத்தண்ணியே அமிர்தம். சுடுதண்ணிக் குழாய்தான் கந்தகம் வாடை அடிக்கும், பூமிக்கடியில இருந்து வருதுலா.

இப்ப தாத்தனோட தந்திரத்தைச் சொல்லுதேன், வெளிய சொல்லாதீய. டென்ட் துணி பெரியவகிட்ட இருக்கணும். டென்ட் கம்பியும் முளைக்குச்சியும் சின்னவன்கிட்ட இருக்கணும். அரிசியும் பருப்பும் சின்னவன் பையில, அடுப்பும் கேஸும் பெரியவ பையில. ஏன்? நடு ரோட்டுல முட்டிக்கிட்டு "நான் தனியாப் போறேன்"னு ஒருத்தர் கிளம்புவீய. கிளம்புங்க, யார் வேண்டாங்கா. சாயங்காலம் ஒருத்தர் துணியை விரிச்சுக்கிட்டுக் கம்பியில்லாம உக்காந்திருப்பீய, இன்னொருத்தர் அரிசியை வச்சுக்கிட்டு அடுப்பில்லாம. வந்துதாம்லே ஆகணும். மழைச்சட்டை, தூக்கப் பை, போன், கொஞ்சம் திங்கச் சாமான், இது மட்டும் ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா. விளையாட்டு விளையாட்டா இருக்கணும், வெறைச்சுச் சாகக் கூடாது. ஜூலையிலயே சராசரி பத்து, பன்னெண்டு டிகிரிதான்.

கேஸ் குப்பியை விமானத்துல விட மாட்டான். இங்க இருந்து கொண்டுபோய்ப் பறிகொடுக்க வேண்டாம். ரெய்க்யவிக் முகாமுல ஊருக்குத் திரும்புறவங்க மிச்சம் வச்சதைத் தட்டுல விட்டுட்டுப் போவாவ. பாதி கேஸ், பாதி உப்பு, பாதி மாவு. நம்ம ஆளுக்கு ஓசின்னா கை நடுங்கும். தேவைக்கு எடுங்க. திரும்பி வரையில நீங்களும் வச்சிட்டு வாங்க.

டென்ட்டை நெனைச்ச எடத்துல அடிக்கலாம்னு பழைய காலத்துல போயிட்டு வந்தவன் சொல்லுவான். அந்தக் காலம் போச்சு. வேலி போட்ட நிலம், பயிர் நிலம்னா நிலத்துக்காரர்கிட்டக் கேக்கணும். தேசியப் பூங்காவுல குறிச்ச எடத்துலதான். முகாமுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிப் படுங்க, கக்கூஸாவது இருக்கும். பச்சையா மெத்துன்னு இருக்கேன்னு எரிமலைப் பாறைப் பாசி மேல மட்டும் அடிச்சிராதீய. அது ஒருக்கப் பிஞ்சா திரும்ப மூட எத்தனையோ வருசம் ஆகும். டென்டோட ஒடுங்கின பக்கம் காத்துக்கு நேரா இருக்கட்டும். வாசல் பக்கத்தைக் காத்துக்குக் காட்டினா டென்ட் பலூனா ஆயிரும். முளை இறங்காத தரையா இருந்தா கயித்தைக் கல்லுல சுத்திக் கட்டுங்க. கல்லுக்கு அங்க பஞ்சமில்ல.

ஜூன்ல அங்க இருட்டாது. ரெய்க்யவிக்குல சூரியன் நடுச்சாமத்தை ஒட்டித்தான் இறங்கும், இறங்கின வேகத்துல ஏறிரும். டார்ச் லைட்டு வேண்டாம், கண்ணைக் கட்டத் துணி வேணும். இதுல என்ன சிக்கல்னா, இருட்டினா தானா நிக்கலாம். இருட்டாத ஊர்ல நிறுத்துன்னு ஒருத்தர் சொல்லணும். சின்னவன் "இன்னும் இருபது கிலோமீட்டர்"பான், பெரியவ "முடியாது"ம்பா. மணி பதினொண்ணு, வெயில் பளிச்சுன்னு அடிக்கும். அப்ப யாருக்கு முடியலையோ அவுக பேச்சுத்தான் செல்லும்னு கிளம்பும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிடுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்.

ஒவ்வொரு ஊர்லயும் வெந்நீர்க் குளம் ஒண்ணு கட்டி வச்சிருக்காவ. நாளெல்லாம் மிதிச்ச காலுக்கு அதைவிட வைத்தியம் இல்ல. ஆனா உள்ள எறங்கணும்னா ஒரு சட்டம். ஒட்டுத்துணி இல்லாம, சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் நீச்சலுடை போடணும். ஆம்பளைக்குத் தனி அறை, பொம்பளைக்குத் தனி அறை, ஆனா அறைக்குள்ள எல்லாரும் பொது. எங்கெங்க தேய்க்கணும்னு செவத்துல ஆள் படம் போட்டு எடத்தை எல்லாம் கலர்ல காட்டியிருப்பான்: தலை, கக்கம், இடுப்புக்குக் கீழ, பாதம். கள்ளத்தனமா ஜட்டியோட நின்னு தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு நழுவலாம்னு பாக்காத லே சின்னவனே, பாத்துக்கிட ஆள் இருக்கும், திருப்பி அனுப்பிருவாவ. அந்தக் குளத்துல மருந்து ரொம்பப் போட மாட்டாவ, அதனாலதான் இந்தக் கெடுபிடி. தாமிரபரணியில குளிக்கையில வெக்கப்படாத பயலுக்கு அங்க மட்டும் என்ன வெக்கம்? உள்ள போய் சூடான தொட்டியில கழுத்து முட்ட உக்காருங்க. ஊர்ப் பெரிசுகள்லாம் அங்கதான் உக்காந்து அரசியல் பேசும். என் வயசுக்காரன் எவனாவது இருந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க.

அவுக உங்க பேரைக் கேப்பாவ. பாஸ்போர்ட் ஆபீசுல "சர்நேம் என்ன"ன்னு நம்ம உசிரை வாங்கினானே, அந்தத் தொந்தரவு அங்க இல்ல. அவியளுக்கும் குடும்பப் பேரு பெரும்பாலும் கிடையாது. அப்பன் பேரோட மகன், மகள்னு சேத்துக்கிடுவாவ. டெலிபோன் புத்தகம் அச்சடிச்ச காலத்துல அதைக்கூட சொந்தப் பேர் வரிசையிலதான் போட்டாவ. நம்ம இனிசியல் மாதிரின்னு சொன்னா புரிஞ்சுக்கிடுவாவ.

ரெய்க்யவிக்குல இருந்து வடக்க போகையில கடலுக்கடியில ஒரு சுரங்கப்பாதை வரும், 1998-ல தொறந்தது, கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். காருக்கு ஆறு நிமிசம். சைக்கிளை உள்ள விட மாட்டான். க்வால்ஃபியோர்தூர்ங்கிற கடல்கழியைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும், அது ஒரு நாள் பாடு. அந்தக் கழி ஓரத்துலதான் 2025 அக்டோபர்ல மூணு கொசு பிடிபட்டுச்சு. ஆமாம்லே, மூணு. அதுவரைக்கும் கொசுவே இல்லாத நாடுன்னு பேரெடுத்தது. உலகம் பூராப் பேப்பர்ல போட்டான். நம்ம வீட்டுக் கொல்லையில சாயங்காலம் நின்னா எத்தனை செய்தி கிடைக்கும்! இருந்தாலும் நீங்க பெட்டியில இங்கத்த கொசு எதையும் கொண்டு போயிராதீய, சர்வதேசப் பிரச்சினையாயிரும். கொசு கம்மின்னு தைரியமா இருக்கவும் வேண்டாம், ஆர்ட்டிக் ஆலான்னு ஒரு குருவி இருக்கு. தெக்குத் துருவத்துக்கும் வடக்குத் துருவத்துக்கும் வருசா வருசம் போயிட்டு வர்ற சீவன். கூட்டுப் பக்கம் போனா உச்சந்தலையில குத்தும். எது உசரமோ அதைத்தான் குத்தும். ஒரு கம்பைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா கம்பைக் குத்தும். கம்பு இல்லைன்னா, பெரியவளே, தம்பி உன்னைவிட நாலு விரல் உசரம்தானே.

நெசமாவே ஆபத்துன்னா 112. தேடி வர்றவங்க சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவுக வண்டிக்கும் கயித்துக்கும் காசு எங்க இருந்து வருதுன்னா, வருசப் பிறப்புக்கு வெடி வித்து! சிவகாசிக்காரனுக்கு இது தெரிஞ்சா கோயில் கட்டிருவான். அதனால காத்துல விழுந்தவனுக்குக் கூப்பிடலாம், அக்காகூடப் பேச்சில்லைன்னு கூப்பிடக் கூடாது.

அதுக்கு நான் இருக்கேன். சண்டை வந்தா உங்க அம்மைக்குப் போன் போடாதீய, அவ அழுது ஊரைக் கூட்டுவா. எனக்குப் போடுங்க. ரெண்டு பேரும் சேந்து போடக் கூடாது, தனித்தனியாப் போடணும். ரெண்டு கட்சியும் எனக்கு முழுசா வேணும். தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒருத்தர் சொன்னதை மத்தவர்கிட்டக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, அந்த நாட்டுக் கடிகாரம் நமக்கு அஞ்சரை மணி நேரம் பிந்தி ஓடுது. நீங்க அங்க சாயங்காலம் ஆறு மணிக்குச் சண்டை போட்டா இங்க ராத்திரி பதினொண்ணரை, நான் தூங்கியிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே போட்டு முடிச்சிருங்க.